அந்தப் படத்தின் கீழே இன்னும் இரண்டு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கம் முழுவதும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். புதன்கிழமை வாசகர் கடிதங்களில் அதைக் கண்டித்து ஒருவர் எழுதியிருந்தார். இரண்டையும் படித்துவிட்டு எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். முடிவில் கேட்டிருக்கும் இரண்டு வரியை மட்டும் விட்டுவையுங்கள்.

அந்த வாசகரின் வாதம் இதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியென்றால் படத்தில் இருக்கும் ஆரஞ்சும் நீலமும் எங்கிருந்து வந்தன? யாரோ கணினியில் உட்கார்ந்து வண்ணம் பூசியிருக்கிறார்கள். பூசிய படத்தைப் புகைப்படம் என்று சொல்லி ஏமாற்றலாமா?

கேள்வி நியாயமானது. அவர் கண்டுகொண்ட பதில்தான் தவறு. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பெரிய படத்தின் கீழே தாங்கள் போட்டிருந்தது "பிரபஞ்சத்தின் ஆதி வடிவம்: நாசாவின் பிரமிப்பூட்டும் படம்" என்ற ஒற்றை வரி. எப்படி எடுத்தார்கள், எவ்வளவு நேரம் எடுத்தார்கள், வண்ணம் எப்படி வந்தது, எதுவும் இல்லை. வெறும் பிரமிப்பை மட்டும் கொடுத்தால் படிக்கிறவர் ஒன்று வாய் பிளப்பார், இல்லை சந்தேகப்படுவார். அவர் சந்தேகப்பட்டார்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் வானியல் படித்தவள் இல்லை. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் 1980 முதல் 2016 வரை எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்த்தவள். கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் படமாக்கிக் கொடுப்பதுதான் 36 ஆண்டுகள் எனக்குச் சோறு போட்டது. அந்தப் படங்களை நம்பி எலும்புக்குக் கட்டுப் போட்டார்கள், நுரையீரலுக்கு மருந்து கொடுத்தார்கள், வயிற்றைத் திறந்தார்கள். "இந்த ஒளி என் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் என் கை முறியவில்லை" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

ஞாயிறு காலை நடந்ததை முதலில் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி பேப்பரைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்ற என்னிடம், "பாட்டி, இது ஏ.ஐ. போட்ட படமா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குப் படத்தைப் பார்த்ததும் முதலில் வரும் கேள்வி அதுதான். நான் உப்புமாவுக்கு எடுத்து வைத்திருந்த ரவையில் ஒரே ஒரு துகளைத் தொட்டு அவள் ஆள்காட்டி விரல் நுனியில் வைத்தேன். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்க் கையை முழுவதும் நீட்டச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "அந்த ரவை எவ்வளவு வானத்தை மறைக்கிறதோ, அவ்வளவு வானம்தான் இந்தப் பக்கம் முழுவதும் இருக்கிறது" என்றேன். கை நீட்டிப் பிடித்த மணல் துகள் என்பது நாசா சொன்ன அளவு. எங்கள் வீட்டில் மணல் இல்லை, ரவை இருந்தது. அவள் துகளைத் தவறவிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

படம் என்ன என்பதைத் தங்கள் கட்டுரை சொல்லாததால் நானே சொல்கிறேன். 2022 ஜூலை 11 அன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் பைடன் வெளியிட்ட படம் அது. தென்வானத்தில் பறக்கும் மீன் என்ற விண்மீன் கூட்டத்தின் திசையில், எஸ்மேக்ஸ் 0723 என்ற பெயருடைய மண்டலக் கொத்து. நம் பால்வீதியைப் போன்ற விண்மீன் மண்டலங்கள் பல ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு கூட்டமாக இருக்கும் இடம். அங்கிருந்து ஒளி கிளம்பி 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் பூமியே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தக் கொத்தின் எடை அதன் பின்னால் இருந்து வரும் ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கிக் காட்டுகிறது. படத்தில் நடுவைச் சுற்றி நீண்டு வளைந்த கீற்றுகள் தெரிகின்றன அல்லவா? அவை அச்சுப் பிழையோ கணினி விளையாட்டோ இல்லை. கொத்துக்கு வெகு தொலைவு பின்னால் உள்ள மண்டலங்கள் அப்படி இழுபட்டுத் தெரிகின்றன. அவற்றில் சிலவற்றின் ஒளி கிளம்பி 1,300 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இனி வண்ணத்துக்கு வருகிறேன். வெப்பின் கேமரா ஆறு வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து அந்த இடத்தை எடுத்தது. மொத்தம் 12.5 மணி நேரம். ஒவ்வொரு வடிகட்டியும் அகச்சிவப்பில் ஒரு பகுதியை மட்டும் உள்ளே விடும். கேமரா எழுதுவது ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற கணக்கை மட்டுமே, கறுப்பு வெள்ளை. பிறகு குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நடுவில் இருப்பதற்குப் பச்சை, நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் கொடுத்து ஒன்றுசேர்க்கிறார்கள். வானவில்லிலும் வரிசை அதுதான்: நீலம் குறுகியது, சிவப்பு நீண்டது. நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும் ஒரு வரிசையை, வரிசை குலையாமல், கண்ணுக்கு எட்டும் இடத்துக்கு இறக்கிக் கொடுக்கிறார்கள். பாட்டை ஒரு கட்டை இறக்கிப் பாடினால் ராகம் மாறிவிடுமா?

மருத்துவமனையில் எங்கள் பக்கத்து அறையில் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். கால் ரத்தக் குழாயில் ரத்தம் ஓடுவது திரையில் சிவப்பாகவும் நீலமாகவும் தெரியும். பார்க்கிறவர்கள் சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. கருவியை நோக்கி வரும் ரத்தத்துக்குச் சிவப்பு, விலகிப் போவதற்கு நீலம் என்று பொதுவாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நிறம் நாம் கொடுத்தது; ஓட்டம் உண்மை. சி.டி. ஸ்கேனிலும் இதே கதைதான். நுரையீரலைப் பார்க்க ஒரு விண்டோ, எலும்பைப் பார்க்க ஒரு விண்டோ என்று அதே பதிவை வெவ்வேறு வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். எதுவும் புதிதாகச் சேர்வதில்லை. மங்கலாகக் கிடப்பது மேலே வருகிறது, அவ்வளவுதான். வெப் படங்களிலும் மங்கிய மண்டலங்களை இப்படித்தான் மேலே கொண்டுவருகிறார்கள். நம் வாசகர் தன் வீட்டில் ஒருவருக்கு எடுத்த டாப்ளர் படத்தைப் பொய் என்று கிழித்துப் போடுவாரா?

சரி, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே எடுத்திருக்கலாமே, எதற்கு இந்த அகச்சிவப்பு என்று அடுத்த கேள்வி வரும். வந்தாக வேண்டும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. ஒளி பயணம் செய்யும்போது அதன் அலையும் கூடவே இழுபடுகிறது. ஊதாவைவிடவும் குறுகிய, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவாகக் கிளம்பியது நம்மிடம் வரும்போது அகச்சிவப்பாகிவிடுகிறது. இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். 2024இல் அறிவித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்புக்குப் பின் வெறும் 29 கோடி ஆண்டுகளில் இருந்த மண்டலம் அது. அதன் ஒளி 15 மடங்கு இழுபட்டிருக்கிறது. ஹைட்ரஜன் குறிப்பாக ஒளிரும் ஒரு புற ஊதா அலைநீளம் உண்டு, கோடு என்பார்கள்; அது கிளம்பும்போது 0.12 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இங்கே வந்து சேரும்போது 1.86 மைக்ரான். நம் கண் 0.7 மைக்ரானுக்கு மேல் பார்க்காது. வெப்புக்கு முன்பே விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் பார்வையும் 1.7 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. ஹப்பிள் எத்தனை நாள் உற்றுப் பார்த்திருந்தாலும் இந்த மண்டலம் அதற்குத் தட்டுப்பட்டிருக்காது.

இவ்வளவு பழைய மண்டலங்களைக் கூட்டத்தில் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். எங்கள் பேரியம் பரிசோதனையேதான் அது. வயிற்று வலிக்காரருக்கு வெள்ளைச் சுண்ணாம்புக் கரைசல் போன்ற பேரியத்தைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுப்போம். பேரியம் எக்ஸ்ரேயைத் தடுத்துவிடும். தடுத்த இடம்தான் எங்களுக்குச் செய்தி. அதுபோல, ஆதிப் பிரபஞ்சத்தில் மண்டலங்களுக்கு நடுவே நிறைந்திருந்த ஹைட்ரஜன் வாயு, நான் மேலே சொன்ன அந்தக் கோட்டைவிடக் குறுகிய ஒளியை விழுங்கிவிடுகிறது. அதனால் அந்த மண்டலம் நீண்ட அலைநீள வடிகட்டிகளில் பளிச்சென்று இருக்கும். குறுகிய வடிகட்டிக்கு மாற்றியதும் சுத்தமாகக் காணாமல் போகும். எந்த வடிகட்டியில் காணாமல் போகிறது என்பதை வைத்தே ஏறக்குறைய அதன் வயதைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஏறக்குறைய என்று சொன்னேன். இங்கேதான் நான் வாசகரிடம் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் படத்தைச் சந்தேகிப்பது எப்படி என்பதை எனக்கு ஒரு பெண் கற்றுக்கொடுத்தாள்.

1990களில் ஒரு மழைக்காலம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர மருத்துவச் சான்றிதழ் வாங்க வந்தவள். இருபது வயது இருக்கும். மார்பு எக்ஸ்ரே எடுத்தேன். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் நான் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லும் வார்த்தைகளைச் சொன்னேன்: மூச்சை இழுங்கள், அடக்குங்கள், விடுங்கள். டார்க் ரூமில் சிவப்பு விளக்கடியில் பிலிமைக் கழுவி, காயவைத்து அனுப்பினேன். வலது நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல். பார்த்த மருத்துவர் காசநோய் என்று சந்தேகம் எழுதிவிட்டார். வேலை போய்விட்டது என்று அவள் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிலிமை வாங்கி மீண்டும் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. காரை எலும்பைத் தாண்டி, நுரையீரலுக்கு வெளியே, கழுத்து வரை மேலே ஏறிப் போயிருந்தது. நுரையீரல் நோய் நுரையீரலை விட்டு வெளியே எப்படிப் போகும்? ஓடிப்போய் அவளைப் பார்த்தேன். தோளில் தடிமனான பின்னல், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியது. எடுப்பதற்கு முன்னால் அதை உயர்த்திக் கட்டச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை. கூந்தலை உச்சியில் கொண்டை போட்டு மறுபடி எடுத்தேன். நுரையீரல் கண்ணாடி போல இருந்தது.

அந்தப் பிலிம் பொய் சொல்லவில்லை. பின்னல் அங்கே இருந்தது, அதன் நிழல் விழுந்தது. அதைப் படித்த விதம்தான் தவறு. தவறைத் திருத்தியது சந்தேகம் மட்டும் இல்லை, இன்னொரு படம்.

வானத்திலும் பின்னல்கள் உண்டு. வெப் வேலையைத் தொடங்கிய 2022இலேயே, வடிகட்டிப் படங்களை மட்டும் வைத்து, சிஇஇஆர்எஸ்-93316 என்ற மண்டலம் பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே இருந்தது என்று கணக்கிட்டார்கள். உலகமே அதைப் பேசியது. பிறகு அதே தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியை அதன் மேல் திருப்பினார்கள். ஒளியை இழை இழையாகப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. அப்படிப் பார்த்தால், அந்த மண்டலம் பெருவெடிப்புக்குப் பின் சுமார் 120 கோடி ஆண்டுகள் கழித்து இருந்தது. அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் பலமாக ஒளிர்ந்து, வடிகட்டிப் படத்தைப் பார்த்தவர்களை ஏமாற்றியிருக்கின்றன. திருத்தியவர்களும் வானியலாளர்களே. 2023இல் பகிரங்கமாக வெளியிட்டார்கள். ஏமாற்ற வந்தவர்கள் தங்கள் சாதனையைத் தாங்களே இப்படிக் குறைத்துக்கொள்வார்களா என்று நம் வாசகர் யோசிக்க வேண்டும்.

நான் மேலே சொன்ன 29 கோடி ஆண்டு மண்டலம் அந்தச் சோதனையைத் தாண்டி வந்தது. 2024 ஜனவரியில் ஏறக்குறைய பத்து மணி நேரம் அதன் நிறமாலையை எடுத்தார்கள். பிறகு, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கி அதில் ஆக்சிஜன் இருப்பதைக் கண்டறிந்தது. வேறு நாட்டில், வேறு கருவியில், வேறு ஒளியில் எடுத்தாலும் விடை ஒன்றாகவே வந்தது. ஆக்சிஜன் இருந்தால் அதற்கு முன்பே விண்மீன்கள் பிறந்து எரிந்து முடிந்திருக்க வேண்டும்; இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று இப்போது எல்லோரும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். 2025இல் எம்ஓஎம்-இசட்14 என்ற இன்னொரு மண்டலம், 28 கோடி ஆண்டு, முந்திக்கொண்டது.

இந்த இடத்தில் தங்கள் கட்டுரையின் ஒரு பிழையையும் சுட்ட வேண்டும். அத்தகைய மண்டலம் "1,350 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். ஒளி பயணம் செய்த காலம் 1,350 கோடி ஆண்டு என்பது சரி. ஆனால் அந்தக் காலம் முழுவதும் இடைவெளி விரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த மண்டலம் இன்று இருக்கும் தொலைவு 3,300 கோடி ஒளியாண்டுக்கும் அதிகம். சின்னப் பிழை என்று விட்டுவிடாதீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் இதழைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

தொலைநோக்கியைப் பற்றியும் கட்டுரையில் ஒன்றும் இல்லை. எனக்கு அதில்தான் ஆசை அதிகம். எக்ஸ்ரே பிலிம் பெட்டிகளை ஒரு முறை மே மாதத்தில் கொதிகலன் அறைக்கு அடுத்த அறையில் வைத்துவிட்டார்கள். எடுத்துக் கழுவினால் எல்லாப் பிலிமிலும் சாம்பல் மூட்டம். ஃபாக் அடித்துவிட்டது என்போம். வெப்புக்கும் வெப்பம்தான் எதிரி. காரணம் வேறு, தொல்லை ஒன்று: சூடான பொருள் எதுவாக இருந்தாலும் அகச்சிவப்பில் தானே ஒளிரும். தொலைநோக்கி சூடாக இருந்தால் அது தன் வெளிச்சத்தையே படம் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அதைப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஐந்தடுக்குக் குடை விரித்திருக்கிறார்கள். குடைக்கு அந்தப் பக்கம் சுடும் வெயில். இந்தப் பக்கம், கண்ணாடி இருக்கும் இடத்தில், மைனஸ் 230 டிகிரிக்குப் பக்கம். ஒரு கருவியை மட்டும் தனிக் குளிர்பதனம் வைத்து மைனஸ் 266க்கு இறக்கியிருக்கிறார்கள்.

கண்ணாடி 6.5 மீட்டர் அகலம், 18 துண்டுகள், பெரிலியம் என்ற லேசான உலோகத்தின் மேல் தங்கப் பூச்சு. தங்கம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். அத்தனை பெரிய கண்ணாடிக்கும் சேர்த்து ஆன தங்கம் 48 கிராம் சொச்சம். நம் கணக்கில் ஆறு பவுன். நான் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். ஆறு பவுனை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள் என்று படித்த அன்று அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அவரிடமிருந்து நான் சிறுவயதில் கேட்ட ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்களும் ஜப்பான்காரர்களும் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கியிருக்கிறார்கள், ஆகாயத்திலிருந்து வருவதைப் பூமிக்கு அடியில் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று அப்பா வீட்டில் சொல்வார். அம்மா நம்பவில்லை. 1965இல், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை அங்கே பதிவு செய்தார்கள். மேலே இருக்கும் பாறை மற்ற துகள்களை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். நியூட்ரினோ எளிதாக ஊடுருவி வரும். இரைச்சலை அடைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அங்கேயும் வேலை. பாறை செய்ததை வெப்பில் குளிரும் குடையும் செய்கின்றன.

படத்தில் சில புள்ளிகளைச் சுற்றி எட்டு முனைகள் நீட்டிக்கொண்டிருப்பதையும் வாசகர் போலி என்று எழுதியிருந்தார். அவை கண்ணாடியின் அறுகோண விளிம்பாலும் அதன் முன்னால் உள்ள தாங்கு கம்பிகளாலும் வருபவை. பல்லில் வெள்ளி அடைத்தவருக்குச் சி.டி. எடுத்தால் கோடு கோடாகத் தெறிக்குமே, அதே இனம். இதிலும் ஒரு பயன் உண்டு: பெரிய முனைகளோடு தெரிபவை பெரும்பாலும் நம் பால்வீதியின் விண்மீன்கள், நடுவழியில் குறுக்கே நிற்பவை. முனை இல்லாமல் தெரியும் துகள் துகளான வெளிச்சங்கள்தான் மண்டலங்கள்.

இன்னொரு வருத்தம். பெங்களூரிலிருந்து வெளிவரும் தமிழ்ப் பதிப்பு இது. கட்டுரையில் அமெரிக்கா இருக்கிறது, ஐரோப்பா இருக்கிறது, பெங்களூர் இல்லை. கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைத் தாண்டித்தான் தங்கள் வாசகர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறார்கள். வாணியம்பாடிப் பக்கம் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கி அவர்களுடையது. அதன் கண்ணாடி 2.34 மீட்டர், ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். ஒரு முழம்கூட வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் மேலே இருக்கும் காற்று மண்டலம்தான். விண்ணுக்கு எதற்குத் தொலைநோக்கி அனுப்ப வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்குமா?

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியை இந்த நிறுவனம் முன்னின்று உருவாக்கியது. கண்ணாடி 38 சென்டிமீட்டர் அகலம்தான், ஒரு தாம்பாளத் தட்டு அளவு. அந்தச் சின்னக் கருவி 2016 அக்டோபரில், ஹப்பிள் ஏற்கெனவே நாள்கணக்கில் பார்த்து முடித்த ஒரு துண்டு வானத்தையே 28 மணி நேரத்துக்கும் மேல் பார்த்தது. 930 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மண்டலத்திலிருந்து, ஹப்பிளுக்குத் தட்டுப்படாத கடும் புற ஊதா ஒளியைப் பிடித்தது. அதன் பதிவில் இரைச்சல் குறைவு என்பதால் அது முடிந்தது. புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையத்தின் தலைமையிலான குழு உடனே தம்பட்டம் அடிக்கவில்லை. பல முறை சரிபார்த்து 2020இல்தான் வெளியிட்டது. அண்மையில் புனேயின் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தார் வெப்பின் படங்களிலேயே தேடி, பெருவெடிப்புக்குப் பின் 150 கோடி ஆண்டுகளில் அழகாகச் சுருள் கைகளோடு நின்ற ஒரு மண்டலத்தைக் கண்டெடுத்து, அலக்நந்தா என்று இமயத்து நதியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஆட்களின் கண் பட்ட படங்கள் இவை. இவற்றை எங்கோ யாரோ பூசிய ஓவியம் என்று ஒரு தமிழ் வாசகர் நினைக்கும்படி விட்டுவிட்டோமே என்பதுதான் என் ஆற்றாமை.

நான் கேட்பது இதுதான். இனி வானத்துப் படம் எதை வெளியிட்டாலும் அதன் கீழே, பிரமிப்பு வரிக்குப் பிறகு, சிறிய எழுத்திலாவது இன்னும் இரண்டு வரி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அது இப்படி இருந்திருக்கும்: "அகச்சிவப்பு ஒளி, ஆறு வடிகட்டிகள், நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பும் குறுகியதற்கு நீலமும் கொடுத்துச் சேர்த்தது. எடுத்த நேரம் 12.5 மணி, வானத்தில் இதன் அளவு கை நீட்டிப் பிடித்த ஒரு மணல் துகள்." நாங்கள் எடுத்த ஒவ்வொரு எக்ஸ்ரே பிலிமின் மூலையிலும் வலதா இடதா என்று காட்ட ஈயத்தில் ஓர் எழுத்து வைப்போம், தேதி இருக்கும், எண் இருக்கும். அது இல்லாத பிலிமை மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவார். நாசாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் படத்தோடு கூடவே இந்த விவரங்களையும் வெளியிடுகின்றன. எடுத்துத் தமிழில் போடுவது அரை மணி நேர வேலை. ஆள் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், நான் செய்து தருகிறேன். கூலி வேண்டாம்.

புதன்கிழமை எழுதிய வாசகர் பெங்களூர்க்காரராக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூருக்கு வரட்டும். என்னிடம் பழைய விளக்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. பின்னல் விழுந்த பிலிம் இல்லை, அது மருத்துவமனையோடு போய்விட்டது. ஆனால் நான் கையால் வரைந்து வைத்த அதன் படம் இருக்கிறது. பேசலாம்.

பேத்தி அந்த நடுப்பக்கத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். மேலே சொன்ன இரண்டு வரியை நான் சொல்லச் சொல்ல அதன் கீழே பென்சிலில் எழுதிக்கொண்டாள். இன்று காலை அலமாரியைத் திறந்தபோது பார்த்தேன். மணல் என்பதை அடித்துவிட்டு ரவை என்று எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
அல்சூர், பெங்களூரு.